காதற்கதையும் கேட்போர் மஜ்லிஸும்

நம்மூர்ப் பெண்கள் சிலர் வெள்ளிக்கிழமைதோறும் அஸர் தொழுகைக்குப் பின் ஓர் இல்லத்தில் கூடி, ஒருவர் படிக்க மற்றவர் கேட்குமாறு கதை நூல்களை வாசித்து வருகின்றனர். அவற்றுள் பெரும்பாலானவை காதற்கதைகள். அவ்வில்லத்துப் பெரியவர் ஒருவர், இதற்கு மார்க்கத்தில் இடமுண்டா என்று நம்மிடம் வினவினார். இல்லையென்று நாம் ஒரு சொல் சொல்லியிருப்பின் அக்கூட்டம் அன்றே கலைக்கப்பட்டிருக்கும். கேள்வி சிறிதாயினும் விடை சிறிதன்று. ஆதலின் நாம் ஓதிய கிதாபுகளிலும் படித்த வரலாறுகளிலும் இதனைக் குறித்துக் காணக் கிடைப்பனவற்றை வாசகர் முன் வைக்கின்றோம்.

கதைகளை வெறுப்போர் முதலில் எடுத்துக்காட்டுவது சூரத்து லுக்மானின் ஆறாவது வசனத்தையே. வீண் பேச்சை விலைக்கு வாங்கி, மக்களை இறைவழியினின்றும் திருப்புவோரை அவ்வசனம் கண்டிக்கின்றது. அது யார் குறித்து இறங்கியது என்று கூறும் விரிவுரையாளருள் ஒரு சாரார் நள்ரு இப்னு ஹாரிதைச் சுட்டுவர். குறைஷியனான இவன் ஹீரா நாட்டுக்குச் சென்று, ருஸ்தம், இஸ்பந்தியார் முதலான பாரசீக வீரர்தம் கதைகளைக் கற்று வந்தவன். பெருமானார் (ஸல்) அவர்கள் மக்களிடம் பேசி எழுந்த இடத்திலேயே அமர்ந்து, தன் கதைகள் அவற்றினும் இனியவை என்று கூறிச் சொல்லத் தொடங்குவான் என ஸீரா நூல்கள் உரைக்கும். வேறொரு சாரார், இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் கருத்தைத் தழுவி, அவ்வசனம் பாட்டைக் குறித்தது என்பர். எவ்வாறாயினும், ருஸ்தமின் கதையைச் சொன்னதன்று நள்ரின் குற்றம். உண்மையைக் கேட்க வந்தோரின் செவியை அடைப்பதற்கு அதனைக் கருவியாக்கியதே குற்றம். வசனத்திலுள்ள காரணச் சொல்லை விட்டுவிட்டு விதியை மட்டும் எடுத்துக் கொள்வது ஓதியவர் செய்யத்தக்க காரியமன்று.

அன்றியும், அதே இறைமறை யூசுப் நபி (அலை) அவர்களின் சரிதையை வரலாறுகளுள் மிக அழகியது என்று சிறப்பிக்கின்றது. ஓர் அத்தியாயம் முழுவதும் தொடக்கமும் முடிவுமாக ஒரே கதையைச் சொல்லிச் செல்வது அங்கு மட்டுமே. அதில் தந்தையின் பிரிவும் உடன்பிறந்தாரின் பொறாமையும் உண்டு. ஒரு பெண்ணின் அடங்காத காதலும் மறைக்கப்படாமல் சொல்லப்பட்டுள்ளது. அமைச்சரின் மனைவி கதவடைத்ததும், நகரப் பெண்கள் யூசுபைக் கண்டு தம் கைகளை அறுத்துக் கொண்டதும் பள்ளிவாசலின் மிஹ்ராபில் ஓதப்படுகின்றன. காதல் என்னும் பொருளே தீண்டத்தகாதது என்றிருப்பின், அது தொழுகையில் ஓதப்படும் வேதத்தில் இடம்பெற்றிராது. இச்சரிதையைத்தான் பாரசீகக் கவிஞர் ஜாமி (ரஹ்) ஹிஜ்ரி 888இல், அதாவது கி.பி. 1483இல், 'யூசுபு சுலைகா' என்னும் பெருங்காப்பியமாக்கினார். நம் தமிழிலும் மதாறு சாகிபுப் புலவரின் 'யூசுபு நபி கிஸ்ஸா' இல்லந்தோறும் படிக்கப்பட்டது. இருபதாம் நூற்றாண்டில் கவிஞர் சாரணபாஸ்கரன் அதே கதையைப் புதிய காப்பியமாகப் பாடினார்.

இனி, முஸ்லிம் உலகில் காதற்கதை எவ்வளவு பழையது என்று காண்போம். பக்தாதில் நூல் எழுதி விற்கும் தொழில் செய்த இப்னுன் நதீம், ஹிஜ்ரி 377இல் (கி.பி. 987) 'அல்ஃபிஹ்ரிஸ்த்' என்னும் நூற்பட்டியலைத் தொகுத்தார். பத்துப் பகுதிகளைக் கொண்ட அந்நூலின் எட்டாம் பகுதி கதைகளுக்கு உரியது. அறியாமைக் காலத்திலும் இஸ்லாமியக் காலத்திலும் காதலித்து, தம்மைப் பற்றி நூல் எழுதப் பெற்றவர்களின் பெயர்களை அவர் அங்கு வரிசையாகத் தருகின்றார். கைஸும் லுப்னாவும், மஜ்னூனும் லைலாவும், ஜமீலும் புதைனாவும் அவ்வரிசையில் உளர். மனிதரைக் காதலித்த ஜின்களுக்கும் ஜின்களைக் காதலித்த மனிதருக்கும் கூடத் தனிப் பட்டியல் உண்டு! இத்தனை நூல்களை எழுதுவோர் ஊதியமின்றி எழுதியிருக்க மாட்டார். வாங்குவோர் இருந்தமையாலேயே விற்றனர். ஜஹ்ஷியாரி என்பார் அரபு, பாரசீகம், கிரேக்கம் முதலியவற்றினின்று ஆயிரம் கதைகளைத் தேர்ந்தெடுத்து இரவுக்கு ஒன்றாகத் தொகுக்கத் தொடங்கி, நானூற்று எண்பது இரவுகள் முடிந்த நிலையில் இறந்துபட்டார் என்னும் செய்தியையும் இப்னுன் நதீமே தருகின்றார். அவர் கதைகளுக்கெல்லாம் புகழுரை பாடியவரும் அல்லர். 'ஆயிரத்தோர் இரவுக'ளுக்கு மூலமாகிய 'ஹஸார் அஃப்ஸான்' என்னும் பாரசீக நூலைத் தாம் முழுமையாகப் பலமுறை கண்டதாகவும், அது சுவையற்றதென்றும் எழுதிவைத்தார். சுவையற்றது எனக் கண்ட நூலைப் பலமுறை புரட்டிய அவர்தம் பொறுமை நமக்குச் சிறிது புன்னகையை வருவிக்கின்றது.

அதே நகரத்தில் முந்திய நூற்றாண்டில் வாழ்ந்த ஜாஹிஸ், நூல் விற்போரின் கடைகளை இரவில் வாடகைக்கு எடுத்து, உள்ளேயே தங்கி விடியுமளவும் படிப்பாராம். வாடகை நூல்நிலையங்களுக்கு நாம் அறிந்த மூதாதையர் இவரே எனலாம்.

கதை சொல்லிகளும் கவிஞர்களுமே காதலைப் பாடினர், மார்க்க மேதைகள் விலகி நின்றனர் என்று கருதுவோர் உளர். வரலாறு அவ்வாறில்லை. ளாஹிரீ மத்ஹபை நிறுவிய இமாமின் மைந்தரும், தந்தைக்குப் பின் அம்மத்ஹபின் தலைவராய் விளங்கியவருமான இப்னு தாவூத் (இறப்பு ஹிஜ்ரி 297), 'கிதாபுஸ் ஸஹ்ரா' என்னும் காதற்கவிதைத் தொகை ஒன்றைத் தந்தார். அதே மத்ஹபின் பேரறிஞர் இப்னு ஹஸ்ம் (கி.பி. 994 - 1064) ஸ்பெயின் நாட்டின் ஷாத்திபா நகரில், ஏறத்தாழ 1022ஆம் ஆண்டில், 'தவ்குல் ஹமாமா' என்னும் நூலை எழுதினார். மாடப்புறாவின் கழுத்து வளையம் என்பது அப்பெயரின் பொருள். முப்பது இயல்களில் காதலின் அடையாளங்கள், தூது, பிரிவு, இரகசியம் காத்தல், காட்டிக் கொடுத்தல், கற்பின் சிறப்பு என முறையாக வகுத்து, தாம் கண்டதும் கேட்டதுமான நிகழ்ச்சிகளைச் சான்றாகத் தருகின்றார்.

அந்நூலில் நம் பொருளுக்கு மிகவும் வேண்டப்படுவதாக ஒரு செய்தி உண்டு. தாம் இளமையில் பெண்களிடையே வளர்ந்ததையும், தமக்குக் குர்ஆனைக் கற்பித்தவரும், கவிதைகளை ஓதுவித்தவரும், எழுதப் பழக்கியவரும் பெண்களே என்பதையும் இப்னு ஹஸ்ம் தம் வாயாலேயே சொல்லுகின்றார். 'அல்முஹல்லா' போன்ற ஃபிக்ஹுப் பெருநூலை எழுதிய கைக்கு எழுத்தறிவித்தோர் பெண்கள்! கொர்தோவா நகரத்து இல்லங்களில் பெண்கள் கவிதையும் கதையும் அறிந்திருந்தனர் என்பதற்கு இதனினும் உயர்ந்த சாட்சி வேண்டுவதில்லை. இத்தகைய நூலுக்கு உலகில் எஞ்சியது ஒரே ஒரு கைப்பிரதி. ஹிஜ்ரி 738இல் பெயர்த்தெழுதப்பட்ட அது ஹாலந்து நாட்டு லெய்டன் நூலகத்தில் உள்ளது. அதனைப் பெயர்த்தெழுதியவர், கவிதைகளுள் பெரும்பாலானவற்றை விட்டுவிட்டதாகத் தாமே குறித்துள்ளார். 1914இல்தான் அது அச்சேறியது.

காதலைக் கண்டித்தோர் நிலை இன்னும் வியப்புக்குரியது. ஹம்பலீ மத்ஹபின் பேரறிஞர் இப்னுல் ஜவ்ஸீ (இறப்பு ஹிஜ்ரி 597) மன இச்சையைப் பழித்து 'தம்முல் ஹவா' என்னும் நூல் இயற்றினார். நோக்கம் எச்சரிக்கை. ஆயினும் அந்நூலில் நிறைந்திருப்பவை காதலரின் கதைகளே. நோயைச் சொல்லாமல் மருந்து சொல்ல இயலாது என்பது அவர் கருத்தாக இருந்திருக்கலாம். காதலித்துக் கற்புக் காத்து, அதனை மறைத்து மாண்டவர் ஷஹீதின் பதவி பெறுவார் என்னும் பொருளில் ஒரு ஹதீஸும் இக்காதல் நூல்களில் பெரிதும் வழங்குகின்றது. இப்னுல் கய்யிம் (ரஹ்) முதலான ஆய்வாளர் அதனை நபிமொழியன்று எனத் தள்ளிவிட்டனர் என்பதையும் ஈண்டே கூறிவிடுதல் நம் கடமை. கதையைப் போற்றுவதற்காக பலமற்ற ஹதீஸைத் துணைக்கழைக்க வேண்டுவதில்லை.

கதை நூல்களை வெளிப்படையாக எதிர்த்தோரும் இருந்தனர். திமஷ்க் நகரத்து தாஜுத்தீன் சுப்கீ (இறப்பு ஹிஜ்ரி 771), ஒவ்வொரு தொழிலினரும் இறைவனுக்குச் செய்ய வேண்டிய நன்றிக்கடன் யாதென்று விளக்கும் தம் நூலில், பிரதி எழுதுவோர் 'ஸீரத்து அன்தர்' போன்ற புனைந்த கதைகளை எழுதலாகாது என்று அறிவுறுத்துகின்றார். பெரியவர் தடுத்தார் என்பதே, மக்கள் விரும்பினர் என்பதற்கும் சான்றாகின்றது. எழுதுவாரும் வாங்குவாரும் இல்லாத நூலைத் தடுக்க எவர் முன்வருவார்?

அன்தர் கதையை நம் வாசகருள் பலர் அறிந்திருக்க மாட்டார். அன்தரா, அபிசீனிய அடிமைப் பெண்ணின் வயிற்றில் பிறந்த கறுப்பு நிறத்தவர். தந்தை ஷத்தாத் அவரை மகனென்று ஏற்கவில்லை. சிறிய தந்தையின் மகள் அப்லாவின்மீது அவர் காதல் கொள்கின்றார். அடிமைக்கு மகளைத் தர மனமில்லாத அவள் தந்தை, ஹீரா மன்னனின் ஆயிரம் ஒட்டகங்களை மஹராகக் கேட்கின்றார். அன்தரா போய் இறந்தொழிவார் என்பது எண்ணம். வீரத்தாலும் கவிதையாலும் அவர் பெயர் பெற்று மீள்வதே பல பாகங்களாக விரியும் அக்கதை. நிறத்தாலும் பிறப்பாலும் ஒதுக்கப்பட்ட ஒருவர் தம் தகுதியால் உயர்வதைக் கேட்டு நூற்றாண்டுகளாக மக்கள் மகிழ்ந்தனர் என்றால், அதனை வெறும் பொழுதுபோக்கு என்று நாம் தள்ள மாட்டோம்.

இக்கதை ஒரு சிறுவனை எங்கு கொண்டு சேர்த்தது என்பதற்கும் சான்று உண்டு. சமவ்அல் அல்மஃரிபீ என்பார் பக்தாதில் வளர்ந்த யூதச் சிறுவர். பத்து வயதிற்குச் சற்று மேற்பட்ட பருவத்தில் அன்தர், துல்ஹிம்மா, இஸ்கந்தர் முதலான நெடுங்கதைகளில் தமக்கிருந்த பேராவலைப் பின்னாளில் தம் வரலாற்றுக் குறிப்பில் எழுதியுள்ளார். இவற்றின் வேர் மெய்யான வரலாறுகளில் இருப்பதை உணர்ந்ததும் அவர் வரலாற்று நூல்களைத் தேடினார். அவ்வழியே பெருமானார் (ஸல்) அவர்களின் வரலாற்றையும் படித்தார். பத்தொன்பதாம் வயதில் அல்ஜப்ர் கணிதத்தில் 'அல்பாஹிர்' என்னும் நூலை எழுதிய அவர், 1163ஆம் ஆண்டில் இஸ்லாத்தைத் தழுவினார். கதை படிக்கும் பிள்ளை கெட்டுப் போகும் என்போர் சமவ்அலையும் கணக்கில் சேர்த்துக் கொள்வது நல்லது.

இதுகாறும் நூலைப் பற்றிக் கூறினோம். கூட்டத்தைப் பற்றிக் கூற வேண்டியதே முதன்மையானது. பழங்கால முஸ்லிம் உலகில் நூல் என்பது பெரிதும் காதால் படிக்கப்பட்டது. ஹதீஸ் நூல்களை ஒருவர் வாசிக்க மற்றவர் கேட்ட மஜ்லிஸ்களில், கேட்டவர் பெயர்களை அந்நூலின் ஏட்டிலேயே எழுதிவைப்பது வழக்கம். ஸமாஉ எனப்படும் இக்குறிப்புக்கள் திமஷ்க் நகரத்துக் கைப்பிரதிகளில் ஆயிரக்கணக்கில் கிடைக்கின்றன. அவற்றில் ஆலிம்கள் மட்டுமின்றி, வணிகரும் கைவினைஞரும், பெண்களும், தந்தையுடன் வந்த சிறு குழந்தைகளும் பெயர் பெற்றுள்ளனர்.

மார்க்க நூல் பள்ளிவாசலில் கேட்கப்பட்டவாறே கதை நூல் காபிக்கடையில் கேட்கப்பட்டது. எகிப்தில் வாழ்ந்த ஆங்கிலேயரான லேன் 1836இல் வெளியிட்ட நூலில், அந்நாளைய கெய்ரோவில் அபூஸைது கதையைச் சொல்வோர் ஏறத்தாழ ஐம்பதின்மர், சுல்தான் ளாஹிர் கதையைச் சொல்வோர் முப்பதின்மர், அன்தர் கதையைப் படிப்போர் அறுவர் என்று கணக்கிடுகின்றார். முன்னிருவகையினர் மனப்பாடமாகச் சொல்ல, அன்தர் கதைக்காரர் மட்டும் நூலைக் கையில் வைத்துப் படிப்பராம். செய்யுளை இசையோடும் உரைநடையை மக்கள் பேச்சோடும். கேட்போர் பணம் தந்தே ஆகவேண்டும் என்பதில்லை. கடைக்காரர் ஒரு சிறு தொகை கொடுப்பார்.

ஹலப் நகரத்தில் மருத்துவராயிருந்த ரஸ்ஸல் சகோதரர்களின் நூல் 1794ஆம் ஆண்டுப் பதிப்பில் தரும் காட்சி இதனினும் சுவையானது. கதை சொல்பவர் காபிக்கடையின் நடுவில் உலவியவாறே சொல்லிக் கொண்டிருப்பார். தலைவி பெருந்துன்பத்தில் சிக்கி, கேட்போர் மூச்சடக்கி இருக்கும் தருணம் பார்த்து, சட்டென்று நிறுத்திவிட்டு வெளியே ஓடிவிடுவார்! மறுநாள் அதே நேரத்தில் அனைவரும் திரும்பி வந்தாக வேண்டும். அவர் போனதும் கூட்டம் இரண்டு மூன்று கட்சிகளாகப் பிரிந்து, அவள் செய்தது சரியா, அவன் இனி என் செய்வான், கதை எவ்வாறு முடியும் என்று ஊரின் பெரிய வழக்கைப் போல வாதாடுமாம். வார இதழின் தொடர்கதையைக் கிழித்துச் சேர்த்துத் தைத்துக் கட்டி, அடுத்த இதழுக்காகக் காத்திருந்த நம் இல்லங்களுக்கு இக்காட்சி புதியதன்று.

நாம் சொல்ல விரும்பும் கருத்து இங்குதான் உள்ளது. தனியே மூலையில் கதை படிப்பவள் அதனுள் அமிழ்ந்துவிடக் கூடும். பலருடன் கேட்பவளோ அதனைத் தீர்ப்பிட்டாக வேண்டியவளாகின்றாள். தலைவன் பெற்றோரை ஏமாற்றியது தகுமா என்று மாமியார் கேட்பார். அவன் வேறென் செய்வான் என்று மருமகள் மறுப்பாள். நிக்காஹில் பெண்ணின் சம்மதம் கேட்கப்படாததே எல்லாவற்றிற்கும் காரணம் என்று மூன்றாமவர் ஒரு மஸ்அலாவையே எழுப்பி விடுவார். நேருக்கு நேர் பேசவியலாத குடும்பக் காரியங்கள் கதைமாந்தரின் பெயரால் பேசப்பட்டுத் தெளிவுறும். தம் வீட்டுப் பெண்மக்கள் என்ன நினைக்கின்றனர் என்றறிய விரும்பும் பெரியவர், அக்கூட்டத்தைக் கலைப்பதினும் அதன் திண்ணையில் சற்று அமர்ந்து செவிகொடுப்பது அறிவுடைமையாகும். கைப்பேசியின் சிறுதிரையில் எவரும் அறியாமல் எதனையும் படிக்க இயலும் இக்காலத்தில், நான்கு பேர் அறியப் படிப்பதைத் தடுப்பது எந்த வகைப் பாதுகாப்பு என்பதும் நமக்கு விளங்கவில்லை. ஆபாசமான நூல்களைக் குறித்து நாம் பேசவில்லை. அவற்றிற்கு எந்த மஜ்லிஸிலும் இடமில்லை. அத்தகையனவற்றை மாமியும் மருமகளும் கூடியிருந்து உரக்கப் படிக்கவும் மாட்டார்கள்.

தமிழகத்து முஸ்லிம்களுக்கும் இலங்கை முஸ்லிம்களுக்கும் இக்கூட்டு வாசிப்பு இரவல் வழக்கமன்று. 1572இல் மதுரையில் அரங்கேறிய 'ஆயிர மசலா' தொட்டு, மாலைகளும் கிஸ்ஸாக்களும் நாமாக்களும் படைப்போர்களும் ஓசையோடு பாடிக் கேட்பதற்கென்றே எழுதப்பட்டன. குர்ஆன் ஓதப் பழகிய பெண், தமிழெழுத்தை அறியாவிடினும் அரபுத் தமிழில் எழுதிய நூலைப் படிக்க வல்லவளாயிருந்தாள். பள்ளிக்கூடத்து வாயிலைக் காணாத உம்மும்மாமார் ரைகால் பலகையில் கிஸ்ஸாப் புத்தகத்தை விரித்து, நண்பகல் ஓய்வில் இராகமெடுத்துப் படிக்க, அண்டை வீட்டுப் பெண்கள் வெற்றிலைத் தட்டைச் சுற்றி அமர்ந்து கேட்டதை நம் இளமையில் நாமே கண்டுள்ளோம். யூசுப் நபி கிணற்றில் தள்ளப்படும் இடம் வந்ததும் முந்தானைகள் கண்களுக்குச் செல்லும். கதை முன்பே தெரிந்ததுதான்; நூறு முறை கேட்டதுதான். ஆயினும் அழுவர். அவ்வழுகை இன்பமே.

நாவல் என்னும் புதிய வடிவம் வந்தபோதும் நம்மவர் பின்தங்கவில்லை. வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879இல் வெளியாயிற்று. ஆறே ஆண்டுகளில், 1885இல், கண்டியில் வழக்கறிஞராயிருந்த சித்தி லெப்பை 'அசன்பே சரித்திர'த்தை வெளியிட்டார். 'முஸ்லிம் நேசன்' இதழை நடத்தியவரும் அவரே. எகிப்தில் பிறந்து, குழந்தைப் பருவத்தில் கவரப்பட்டு, பம்பாயில் வளர்ந்து, பெற்றோரைத் தேடி அடையும் ஓர் இளைஞனின் கதை அது. சமுதாயத்தின் கல்விக்காகப் பாடுபட்ட ஒரு பெரியார், பாடநூலோடு கதைநூலும் வேண்டுமென்று கருதினார் என்பது நாம் ஊன்றி நோக்கத்தக்கது.

அரை நூற்றாண்டு கழித்து நாகூரிலிருந்து ஒரு பெண்மணி எழுந்தார். சித்தி ஜுனைதா பேகம் 1917இல் பிறந்தவர். அவர் பெற்ற பள்ளிப் படிப்பு மூன்றாம் வகுப்பு மட்டுமே. இளமையிலேயே கணவரை இழந்தவர். 'தாருல் இஸ்லாம்' முதலிய இதழ்களில் எழுதிவந்த அவர், 1938இல் 'காதலா? கடமையா?' என்னும் நாவலை வெளியிட்டார். தமிழில் நாவல் எழுதிய முதல் முஸ்லிம் பெண்மணி என்று அவரைக் கூறுவர். அந்நூலுக்கு முன்னுரை வழங்கியவர் மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையர் அவர்கள். சங்க நூல்களையும் காப்பியங்களையும் பதிப்பித்த அம்முதுபெரும் புலவர், நாகூர் இல்லமொன்றினுள் இருந்து ஒரு முஸ்லிம் பெண் எழுதிய காதற்கதையைப் படித்துப் பாராட்டினார். நம் சமுதாயத்துப் பெண் ஒருத்தி தன் பெயரை அட்டையிலிட்டு நாவல் வெளியிடுவது அந்நாளில் எளிய செயலன்று. அவர் அதனோடு நிறுத்தவும் இல்லை. மேலும் சில நாவல்களையும், இஸ்லாத்தில் பெண்களின் நிலை பற்றிய கட்டுரைகளையும் எழுதினார். 1998இல் மறைந்தார்.

மூன்றாம் வகுப்போடு நின்ற ஒருவருக்கு அத்தமிழ் எங்கிருந்து வந்தது? பள்ளிக்கூடம் தந்திருக்க வழியில்லை. இல்லத்தினுள் நுழைய விடப்பட்ட நூல்களும், அவற்றைப் படித்துக் கேட்ட செவிகளும், பேசிய வாய்களுமே தந்திருத்தல் வேண்டும். நம்மிடம் வினவ வந்த பெரியவருக்கு நாம் இவ்வளவும் உரைக்கவில்லை. மஜ்லிஸ் நடக்கட்டும் என்று மட்டும் கூறி, நம்மிடமிருந்த 'காதலா? கடமையா?' பிரதியை அவர் கையிலேயே கொடுத்தனுப்பினோம். மூன்று வாரங்களாகியும் நூல் இன்னும் திரும்பி வரவில்லை. அவரே படித்துக் கொண்டிருப்பதாக அறிகின்றோம்.